குதிரைப் பானையும் சாம்பல் மேட்டுக் கொள்ளும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தேசம்மா, எத்தனையோ ஆயிரம் வருஷத்துப் பானை ஒன்றைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டாள். அந்தப் பானையின் கழுத்தைச் சுற்றிக் காவி நிறத்தில் கோடுகள் வரையப்பட்டிருந்தன. துலக்கி முடித்தபோது ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"எத்தினி அழுக்கு பாருங்க ஐயா. ரெண்டு தபா தேய்ச்ச அப்பால தான் போச்சு" என்று பெருமையோடு அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பஞ்சாட்சர முதலியார் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

தப்பு அவளுடையது இல்லை. பானையைச் சுத்தம் பண்ணு என்றுதான் நாங்கள் சொல்லியிருந்தோம். வாழ்நாள் முழுக்கப் பானை துலக்கியவளிடம் அப்படிச் சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்? ஆனால் இந்த நியாயத்தை நான் அன்றைக்குப் பேசவில்லை. அன்றைக்கு ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தியவனே நான்தான். என் பெயர் பொன்னுரங்கம். முதலியார் சேர்த்து வைத்திருந்த பழம்பொருள்களுக்கு எண் போட்டுச் சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இது 1934-ஆம் வருஷத்துச் சங்கதி. முதலியார் சர்வே இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லஸ் பக்கத்தில் கிணறும் தோட்டமுமாக ஒரு வீடு. வீட்டில் மனிதர்கள் நடமாட இடமில்லை, அத்தனையும் மரப்பெட்டி, சாக்குமூட்டை. உத்தியோகத்தின் பெரும்பகுதியைப் பெல்லாரிப் பக்கத்து வறண்ட காட்டில் கழித்தவர் அவர். அந்தச் சீமையில் அங்கங்கே குன்று மாதிரி சாம்பல் மேடுகள் நிற்கும். மாட்டுச் சாணத்தை மலையாகக் குவித்து எரித்த சாம்பல் அது என்பது அவர் கட்சி. எரித்தவர்கள் யார், எந்தக் காலத்தவர்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மாடு வைத்திருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

முதலியாரைத் தூங்கவிடாத கேள்வி வேறு. வருஷத்தில் எட்டு மாதம் புல்லே முளைக்காத பூமியில் வெறும் பாலையும் கறியையும் வைத்துக்கொண்டு ஒரு ஜனம் எப்படிப் பிழைத்திருக்கும்? ஏதோ விதைத்திருக்கிறார்கள், ஏதோ அறுத்திருக்கிறார்கள் என்று அவர் சாதித்தார். முந்தின வருஷம் பழம்பொருள் ஆராய்ச்சிச் சங்கத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, தலைமை வகித்தவர் சிரித்துக்கொண்டே, "ஒரே ஒரு மணி தானியம் காட்டுங்கள் முதலியார்வாள், ஒப்புக்கொள்கிறோம்" என்றார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அந்த ஒரு மணியை அவர் எங்கெல்லாமோ தேடினார். தேடாத இடம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியிலிருந்து பானையை எடுப்போம், உள்ளே கெட்டித்துக் கிடக்கும் மண்ணைச் சுரண்டித் தோட்டத்து மல்லிகைப் பாத்தியில் கொட்டுவோம், பானையைத் துடைத்து எண் போட்டு அலமாரியில் வைப்போம். படித்த புத்திசாலிகள் இரண்டு பேர் சேர்ந்து மூன்று வருஷம் இந்த வேலையைச் செய்தோம். மல்லிகை மட்டும் நன்றாகப் பூத்தது.

இனி தேசம்மா. மீர்சாகிப்பேட்டையில் பிறந்து, பதினாலு வயதில் ராயப்பேட்டை ஜட்கா வண்டிக்காரர் பக்கிரிக்கு வாழ்க்கைப்பட்டவள். முதலியார் வீட்டு வேலைக்கு வந்தபோது முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பிள்ளைகள், ஒரு குதிரை. குதிரையின் பெயர் ராணி. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஆகிறதோ இல்லையோ, ராணிக்குத் தினம் ஒரு பானை கொள்ளு வேக வேண்டும். கடைக் கொள்ளில் பாதி கல்லாக இருக்கும். உள்பக்கம் வரிவரியாகக் கீறிய அரிக்கஞ்சட்டியில் தண்ணீர் விட்டு, ஆட்டி ஆட்டி, கல்லைத் தங்கவிட்டுத் தானியத்தை மட்டும் அடுத்த பாத்திரத்தில் சரிப்பாள். அந்தக் கை ஆடுகிற ஆட்டம் பார்க்க அத்தனை அழகாக இருக்கும்.

வாயும் கைக்குச் சளைத்ததில்லை. நான் ஒரு சொல் சொன்னால் நாலு சொல் திரும்ப வரும். இந்தப் பெண்பிள்ளையை எப்படியாவது துரத்திவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பானைத் துலக்கல் நடந்து ஒரு மாதம் இருக்கும். அதற்குப் பிறகு பானையைத் தொடவே அவளுக்கு அனுமதி இல்லை. பெருக்குவது, நாங்கள் சுரண்டிப்போடும் மண்ணை வாரிப் பாத்தியில் கொட்டுவது, அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு கூடை மண் கல்லாக இறுகியிருந்தது. கரையட்டும் என்று அவள் அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டாள். மண் அடியில் போயிற்று. மேலே கறுப்பாகச் சில மணிகள் மிதந்தன. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். அது சரிபாதியாக இரண்டு பருப்பாய் உடைந்தது.

"ஐயா, இங்க வாங்க! இதுல கொள்ளு கீது!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

முதலியார் வேட்டி தடுக்க ஓடிவந்தார். பின்னாலேயே நானும் போனேன். அவள் உள்ளங்கையில் ஆறேழு கரி மணிகள் இருந்தன. "தீஞ்ச கொள்ளு ஐயா. எங்க ராணி பானையில அடிப்புடிச்சா இப்டியேதான் இருக்கும். மெய்யாலுமே கொள்ளுதான்" என்றாள்.

முதலியாரின் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த மலர்ச்சியை அணைத்தவன் நான். கிணற்றடியைக் கையால் காட்டினேன். அங்கே அடுப்புக்கரி அப்பிய ஒரு மண்பானை கவிழ்ந்திருந்தது. தேசம்மாவின் தெருவில் குழாயடிச் சண்டை அதிகம். அதனால் அடிப்பிடித்த குதிரைப் பானையை அவள் இடுப்பில் வைத்து முதலியார் வீட்டுக்கே கொண்டுவந்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரில், அதே வாளியில் கழுவுவது வழக்கம். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"ஐயா, இது குதிரைப் பானையில இருந்து வந்த கொள்ளு. தெரிஞ்சு கலந்தாளோ தெரியாம கலந்தாளோ. அன்னிக்குப் பானையைக் கெடுத்ததுக்கு நல்ல பேர் வாங்கப் பாக்குறா" என்றேன்.

தேசம்மா எப்போதும்போல் நாலு சொல் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு முதலியாரைப் பார்த்து, "நான் கலக்கல ஐயா. இன்னிக்கு இன்னும் அந்தப் பானையைத் தொடவே இல்ல" என்றாள்.

முதலியாருக்கு ஆத்திரமும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. இதை நம்பி இன்னொரு தரம் சங்கத்தில் போய் நின்றால் குதிரைத் தீனி காட்டினார் என்று ஊரே சிரிக்கும். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம், போ" என்றார். அவள் குதிரைப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். விட்டது தொல்லை என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் போய் என்ன வேண்டும் என்று அதட்டினேன்.

"வேலை வேணாம் நைனா. நான் பொய் சொன்னேன்னு சொன்னீங்களே, அத்த வாபஸ் வாங்கிக்கினா போறும். வாங்கிக்கிற வரைக்கும் நிப்பேன்."

நின்றாள். உச்சி வெயில் வரை நின்றுவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வந்தாள். பால்காரன் கேட்டான், எதிர்வீட்டு வக்கீல் கேட்டார், எல்லாரிடமும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். முதலியார் பின்கட்டு வழியாக வெளியே போய்வர ஆரம்பித்தார். எனக்கும் வாசலைக் கடக்கும்போது கால் கூசியது.

மூன்றாம் நாள், பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் விஜயலக்ஷ்மி வந்தார். சாம்பல் மேட்டுக் கரித்துண்டுகள் என்ன மரம் என்று பார்த்துச் சொல்ல முதலியார்தான் அழைத்திருந்தார். சிறுவயசுக்காரர், கையில் பூதக்கண்ணாடிப் பெட்டியோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கியவர், வாசலிலேயே தேசம்மாவிடம் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஏன் சார், வாசல்ல அவ வெயில்ல நின்னுண்டிருக்கா. கலந்தாளா கலக்கலையான்னு வாய்ச்சண்டை எதுக்கு? புதுசா ஒரு பானையைத் திறந்து பார்த்துட்டா தெரிஞ்சுடப் போறது. எங்காத்துல கொள்ளே வாங்கறதில்லை, நான் அதைப் புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன். தீஞ்சா எப்படி இருக்கும்னு அவளுக்குத்தான் தெரியும்."

முதலியார் நேர்மையானவர். யோசித்தார். பிறகு தானே வாசலுக்குப் போய், "தேசம்மா, உள்ளே வா. நீ சொன்னது மெய் என்று காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

"காட்றேன் ஐயா. ஆனா கெணத்தாண்ட வேணாம். முன்வாசல்ல, எல்லாரும் பாக்குற மாதிரி. சட்டி புதுசா வோணும். தண்ணி குழாத்தண்ணி. அப்பால யாரும் தொறக்காத பானை" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சட்டிய இவரே போயி வாங்கியாரட்டும். அப்ப தான் நம்புவாரு."

நான் போனேன். கோயில் குளத்தங்கரைக் கடையில் இரண்டு புது அரிக்கஞ்சட்டியும் இரண்டு குடமும் வாங்கித் தலையில் சுமந்துகொண்டு, மாட வீதி வழியாக, சீட்டு எழுதுகிற பொன்னுரங்கம் வந்தேன். சிரிக்காதவர்கள் யார் என்று எண்ணிவிடலாம்.

முதலியார் தம் பெட்டிகளிலேயே சிறந்ததைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே மெருகேற்றிய வழவழப்பான மூன்று பானைகள், மண்ணோடு. விஜயலக்ஷ்மி தம் கையாலேயே மண்ணை எடுத்துக் கொடுத்தார். தேசம்மா முழங்கைவரை கழுவி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு சட்டியை ஆட்டினாள். முதல் பானையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் ஒரு வேர்த்துண்டு மிதந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. வேலிக்கு வெளியே கூடியிருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றிருந்த பக்கிரி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ, வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளே ஒரு சந்தோஷம்.

தேசம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த மூன்று பானைகளையும் ஒருமுறை பார்த்தாள். "இன்னா ஐயா, இத்தினி அழகான பானையில எந்தப் பொம்பளை கொள்ளு வேவ வெப்பா? இதெல்லாம் தண்ணி மொள்ளுறது, பால் வெக்கிறது. அடுப்புல ஏத்துனது எங்க? அடி கறுத்தது, ஒடஞ்சது, அது எங்க கீது?"

அடி கறுத்த பானைகள் இருந்தன. கண்ணாடி அலமாரிக்கு லாயக்கில்லை என்று வண்டிக் கொட்டகையில் ஏழு சாக்குமூட்டையாகப் போட்டு வைத்திருந்தோம். ரயில் பார்சலில் வந்த நாளிலிருந்து அவிழ்க்கவே இல்லை. வாயைக் கட்டிய சணலின்மேல் பெல்லாரியில் ஒட்டிய அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. அதை நானே ஆணையிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று, ஏனென்றால் மூட்டைகளை வாங்கி அடுக்கியவன் நான்தான்.

விஜயலக்ஷ்மி அரக்கை உடைத்தார். தேசம்மா மூட்டைக்குள் கையை விட்டு, கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்குவது மாதிரி ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி ஒதுக்கினாள். கடைசியில் பாதி உடைந்த ஓர் அடிப்பானையைத் தூக்கினாள். வெளியே கரி, உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த மண் ஒட்டியிருந்தது. "இவ தீய விட்டுட்டா" என்றாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லுகிற குரல். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அடுப்பை மறந்துவிட்டு எங்கோ போன ஒரு பெண்ணை இவள் மட்டும்தான் பார்த்தாள்.

மண் தண்ணீரில் கரைந்தது. சட்டி ஒரு சுற்று ஆடியது, இரண்டு சுற்று ஆடியது. மூன்றாவது சுற்றில் கறுப்பு மணிகள் மேலே வந்தன. ஒன்றில்லை, இரண்டில்லை. மல்துணியில் வடித்து எண்ணியபோது பதினேழு கொள்ளு. அவற்றோடு, சாமையைவிடச் சின்னதாக ஏதோ ஒரு தானியம் ஒரு கை நிறைய இருந்தது.

"இது என்னம்மா?" என்று முதலியார் அந்தச் சின்னத் தானியத்தைக் காட்டிக் கேட்டார்.

தேசம்மா நன்றாக உற்றுப் பார்த்தாள். "இது தெர்ல ஐயா. நான் பாத்ததில்ல. கொள்ளு தெரியும், சொன்னேன். இது தெரியாது" என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பொய் சொல்லி நல்ல பேர் வாங்க வந்தவள், கேட்ட மாத்திரத்தில் கேழ்வரகு என்றோ தினை என்றோ அடித்துவிட்டிருப்பாள். தெரியாது என்று சொல்ல எனக்கு அந்தத் துணிச்சல் என்றைக்கும் இருந்ததில்லை.

விஜயலக்ஷ்மி பக்கிரியிடமிருந்து ராணியின் தீனிப்பையை வாங்கி, ஒரு பிடி கொள்ளு எடுத்து அங்கேயே சட்டியில் தீயவைத்தார். பழைய மணி பத்து, புது மணி பத்து, வெள்ளைக் காகிதத்தில் இரண்டு வரிசையாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒரு மணியைக் கீறி உள்ளேயும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் பளபளத்தது.

"சார், ரெண்டும் கொள்ளுதான். அதே வடிவம், அதே பருப்பு. ஆனா பழசு ரொம்பச் சின்னது, இதுல முக்கால்கூட இல்லை. இத்தனை சின்னக் கொள்ளு இப்போ மெட்ராஸ்ல எந்தக் கடையிலயும் கிடைக்காது. குதிரைப் பானையிலேர்ந்து வர வாய்ப்பே இல்லை. முதல் நாள் அவ காட்டின மணியை எங்கே வெச்சிருக்கேள்?"

நல்லவேளை, முதலியார் அவற்றை எறியவில்லை. மூக்குப்பொடி டப்பியில் போட்டு வைத்திருந்தார். அந்த ஆறு மணியும் சின்னவை.

முதலியார் வேலிக்கு வெளியே நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "தேசம்மா, நீ சொன்னது மெய். உன்னைப் பொய்க்காரி என்றது எங்கள் தப்பு. மன்னித்துக்கொள்" என்று கை கூப்பினார். பக்கிரி இடுப்புத் துண்டை உதறித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். வெளியே யாரோ விசிலடித்தார்கள். முதலியார் அப்படியே மல்லிகைப் பாத்தியின் பக்கம் திரும்பிப் பார்த்து, "மூன்று வருஷத்து மண் பொன்னுரங்கம்! தோண்டு!" என்றார். அன்றைக்கே மல்லிகைக்கு ஆயுள் முடிந்தது.

அடுத்த மூன்று மாதம் தேசம்மாதான் அந்த வீட்டின் ராஜாங்கம் நடத்தினாள். ஏழு மூட்டையும் அவள் கையால் கரைந்தன. எந்த ஓட்டை முதலில் எடுப்பது என்று அவள் சொல்வாள், நான் எண் போடுவேன். பச்சைப் பயறு கிடைத்தது. சாணச் சாம்பலிலேயே பதர் கிடைத்தது. பெயர் தெரியாத அந்தச் சின்னத் தானியம், வறண்ட காட்டில் தானாக முளைக்கும் ஒரு புல்லின் இனம் என்று விஜயலக்ஷ்மி காய்ந்த செடிகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். கல்லூரிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தேசம்மாவிடம் சட்டி ஆட்டக் கற்றுக்கொண்டார்கள். "இன்னா கண்ணு, கை ஆடணும், நீ ஆடக் கூடாது" என்று அவள் அவர்களை மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு சங்கத்துக் கூட்டம். முதலியார் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, முந்தின வருஷம் சிரித்த தலைவரின் முன்னால் வைத்தார். "ஒரு மணி கேட்டீர்கள். எண்ணூற்று நாற்பது கொண்டுவந்திருக்கிறேன்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. தலைவர் எழுந்து நின்று கை தட்டினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தேசம்மா பக்கிரியோடு முதல் வரிசையில், மஞ்சள் புடவையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் முதலியார் அவளைக் கூப்பிட்டார். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார். அவள் பெட்டியில் நான் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் படித்தேன். "சாம்பல் மேட்டுக் கொள்ளு. கண்டெடுத்தவர், ராயப்பேட்டை தேசம்மா."

"அது சரி நைனா. இன்னும் ஒண்ணு எழுதணும். நீ அன்னிக்கு சொன்னியே, அத்த வாபஸ் வாங்கி."

எனக்குப் புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அத்தனை பெரிய மனிதர்களும் பார்த்துக்கொண்டிருக்க, என் அழகான கையெழுத்தில், சீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

"படி" என்றாள்.

"இந்தக் கொள்ளு பக்கிரியின் குதிரைக்கு வேகவைத்தது அல்ல" என்று படித்தேன். மண்டபத்தில் சிரிப்பு பொங்கியது. தேசம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தாள். புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துக்கொண்டு, பின் வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.